சங்கரவல்லிக்குக் கிடைத்த புள்ளி

சங்கரவல்லி தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வெளியான அன்று திருப்பூரில் இரண்டு பேருந்துகளின் கண்ணாடிகள் நொறுங்கின. பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சேனலின் விளம்பரப் பலகைக்குத் தீ வைத்தார்கள். தடுக்கப் போன காவலர் ஒருவரின் தலையில் கல் விழுந்தது. அவர் சாக்கடையோரம் உட்கார்ந்து, வழியும் ரத்தத்தைத் தொப்பியால் பொத்திக்கொண்டிருந்த படம் மறுநாள் எல்லாச் செல்போன்களிலும் சுற்றியது. படத்தின் கீழே ‘வல்லி படை’ என்று, தொடரின் ரசிகர் கூட்டத்தின் பெயர் எழுதியிருந்தது.

அதை வனிதாமணிக்குக் காட்டியவள் கலாமணி. இருவரும் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நிற்பவர்கள்.

“எதுக்குக்கா இப்படிப் பண்றாங்க?” என்றாள் வனிதாமணி.

“நிறுத்தறாங்களாமா. பாக்கறவங்க கொறஞ்சு புள்ளி எறங்கிப் போச்சாமா.” கலாமணி போனை இடுப்பில் செருகினாள். “அந்தப் பைரவன் இன்னும் நல்லாத்தான இருக்கறான்? அவனுக்கு ஒரு முடிவு கட்டாம எப்படி நிறுத்துவாங்க?”

பைரவன் அந்தத் தொடரின் வில்லன். கட்டிய மனைவியைக் கொளுத்திவிட்டு வழக்கிலிருந்து தப்பியவன். இறந்தவளின் தங்கை சங்கரவல்லி வக்கீலாகி அவனைத் துரத்துகிறாள் என்பதுதான் கதை. கலாமணியின் ஒரே மகள் சுபாவும் தீயில்தான் செத்தாள். அடுப்பு வெடித்தது என்று மாப்பிள்ளை சொன்னான். கோர்ட்டும் அதை நம்பியது. தீர்ப்பு வந்த மாதத்தில் தொடங்கிய தொடரை அன்றிலிருந்து கலாமணி ஒரு நாள் விடாமல் பார்த்துவந்தாள். பைரவன் நடுத்தெருவில் மண்டியிடுவதைப் பார்க்கும்வரை தனக்குச் சாவு வரக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்ததை அயர்ன் பிரிவில் எல்லோரும் அறிவார்கள்.

வனிதாமணி சேலைக்கு மேல் போட்டிருந்த, கணவனின் பழைய முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் ஒரு பட்டை இருந்தது.

அந்தப் பட்டையை மாட்டிவிட்டவன் ஃபெலிக்ஸ் என்ற இளைஞன். யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்திருந்தான். வனிதாமணி, அவள் கணவன் சென்னியப்பன், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகள் தாரணி, மூவரையும் சோபாவில் உட்காரவைத்து அவன் விளக்கினான்.

“ஊருல இருக்கற அத்தனை பேரும் என்ன பார்க்கறாங்கன்னு எண்ணிட்டிருக்க முடியாது மேடம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அந்த ஒரு சோறுதான் உங்க வீடு.”

“முந்தியெல்லாம் டிவி பக்கத்துல ஒரு பெட்டி வெப்பாங்கன்னு சொல்லுவாங்களே?” என்று கேட்டான் சென்னியப்பன். அவனுக்கு லேத் பட்டறையில் வேலை. எந்தக் கருவியானாலும் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

“பெட்டிக்கு டிவி ஓடுறது தெரியும் சார். முன்னால ஆள் முழிச்சிருக்காரா, தூங்கறாரான்னு தெரியாது. இந்தப் பட்டை உங்க நாடியைப் பார்க்கும். தோல் வேர்க்குதான்னு பார்க்கும். எந்த நிமிஷத்துல உங்க மனசு துள்ளுதோ அதைக் கோடாப் போட்டு அனுப்பிடும். அந்தக் கோட்டை வெச்சுத்தான் இப்ப புள்ளி போடறாங்க.”

“அழுதாத் துள்ளுமா, சிரிச்சாத் துள்ளுமாங்க?” என்றாள் தாரணி.

“ரெண்டுக்கும் துள்ளும்மா. எதுக்குத் துள்ளுதுன்னு அதுக்குத் தெரியாது. எவ்வளவுன்னு மட்டுந்தான் தெரியும்.”

மூவர் கையிலும் ஆளுக்கொரு பட்டையை மாட்டிச் சாவி போட்டுப் பூட்டினான். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று பலமுறை சொல்லிவிட்டுப் போனான்.

சங்கரவல்லி ஒளிபரப்பாகும் நேரத்தில் வனிதாமணி பெரும்பாலும் தூங்கிவிடுவாள். பகல் முழுவதும் நீராவியில் நின்ற உடம்பு. அவள் கண் மூடினால் கொங்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் கண் மூடியதாகக் கணக்கு. அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்ததுண்டு. ஒரு தொடரின் உயிர் தன் தூக்கத்தில் தொங்குகிறது என்று அவள் யோசித்ததில்லை.

பேருந்துகள் உடைந்த அதே வாரத்தில் அயர்ன் பெட்டிக்குப் போகும் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டது. கொதிநீராவி வனிதாமணியின் முன்கையில் அடித்தது. அவள் அலறுவதற்குள் கலாமணி பாய்ந்து வந்து, சட்டைக் கையைக் கிழித்துத் தள்ளிவிட்டுக் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள். தண்ணீர் வடிந்தபோது பட்டை தெரிந்தது. கலாமணி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். புள்ளிக்குக் கணக்கெடுக்கும் வீடுகளில் இப்படி ஒரு பட்டை கட்டுவார்கள் என்று போனில் வந்த செய்தியில் அவள் பார்த்திருந்தாள். தன் முந்தானையை நனைத்து அந்தக் கையை மெதுவாகச் சுற்றிவிட்டாள்.

மறுநாள் மாலை அவள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வனிதாமணியின் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மிணி, நீ பாத்தாப் போதும். வல்லி பொழச்சுக்குவா. வேற ஒண்ணும் கேக்கலெ.”

“மேல உக்காருங்கக்கா. அழுதாலும் சிரிச்சாலும் இதுல கோடு துள்ளுமாமா. நான் பாக்கறன். சத்தியமா பாக்கறன்.”

பார்த்தாள். சென்னியப்பனையும் தாரணியையும் கூட உட்காரவைத்துப் பார்த்தாள். கண் விழித்திருந்ததே தவிர மனம் துள்ளவில்லை. வல்லி கோர்ட்டில் ஆவேசமாகப் பேசும்போது நாளைக்கு இட்லி மாவு போதுமா என்று யோசனை ஓடியது. பட்டையை ஏமாற்ற முடியவில்லை. அந்த வாரமும் புள்ளி இறங்கியது. இன்னும் சில நாட்களில் தொடர் முடியும் என்று சேனல் அறிவித்தது. முடிவில் பைரவன் வெளிநாட்டுக்குத் தப்பிப் போவதாகக் கதை எழுதியிருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

கலாமணி வல்லி படையின் தலைவன் ஜெகனிடம் போனாள். அவன் ஒரு சாயப் பட்டறையில் வேலை செய்பவன். சங்கரவல்லியாக நடிக்கும் பெண்ணின் முகத்தை நெஞ்சில் பச்சை குத்தியிருந்தான். கலாமணி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“சந்தோசப்பட்டாத்தான் துள்ளுமா, இல்ல பயந்தாலும் துள்ளுமா?”

“எல்லாத்துக்கும் துள்ளுமாமா. வனிதாமணிதான் சொல்லுச்சு.”

“அப்பச் சரி” என்றான் ஜெகன்.

அடுத்த நாள் தொடர் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன் அவர்கள் வந்தார்கள். ஜெகனும் இன்னும் நான்கு பேரும். கலாமணி கூப்பிட்டதால் வனிதாமணி கதவைத் திறந்தாள். உள்ளே வந்ததும் ஒருவன் கதவைத் தாழிட்டான். ஒருவன் ஜன்னல்களைச் சாத்தினான்.

“உக்காருங்கண்ணா. ஆரம்பிக்கப் போகுது” என்று ஜெகன் சென்னியப்பனிடம் மரியாதையாகவே சொன்னான்.

“யாருப்பா நீங்க? எதுக்கு வந்தீங்க?” என்று எழுந்த சென்னியப்பனின் வயிற்றில் ஒருவன் எட்டி உதைத்தான். அவன் சோபாவில் சுருண்டு விழுந்தான். தாரணியின் தலைமுடியை இன்னொருவன் பின்னாலிருந்து பற்றி அவள் முகத்தைத் திரைக்கு நேராகத் திருப்பிப் பிடித்தான்.

“அக்கா, என்னக்கா இது?” என்றாள் வனிதாமணி.

கலாமணி அவளைப் பார்க்கவில்லை. “ஒண்ணும் பண்ண மாட்டாங்க அம்மிணி. சும்மா பயங்காட்டறதுக்குத்தான். நீங்க பயந்தாப் போதும்.”

தொடர் ஆரம்பித்தது. முதல் காட்சியில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் அமைதியாக நின்றார்கள். பிறகு கறுப்புக் கோட்டுடன் வல்லி படியேறி வந்தாள். ஜெகன் சென்னியப்பனின் இடது கையை மேசைமேல் விரித்து, சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். விறகு ஒடிவதுபோல் சத்தம் வந்தது. சென்னியப்பன் கத்தாமலிருக்க அவன் வாயில் துண்டைத் திணித்திருந்தார்கள். தாரணி கண்ணை மூடினாள். முடியைப் பிடித்திருந்தவன் அவள் கன்னத்தில் அறைந்து திறக்கவைத்தான்.

வல்லி போனதும் நிறுத்தினார்கள். அவள் மறுபடி வந்தபோது அடுத்த விரல். விளம்பரம் வந்ததும் ஒருவன் கையைத் தளர்த்தினான்.

“விளம்பரத்துல விட்றாதீங்கடா” என்றான் ஜெகன். “பணம் போடறவன் அங்கதான் இருக்கறான்.”

ஒரு ஷாம்பு விளம்பரம் ஓடி முடியும்வரை வனிதாமணியின் கழுத்தில் கத்தி இருந்தது. அதன் பிறகு அந்த விளம்பரப் பாட்டு எங்கே கேட்டாலும் அவள் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவாள்.

போகும்போது ஜெகன் தாரணி படிக்கும் கல்லூரியின் பெயரையும் அவள் ஏறும் பேருந்தையும் சொன்னான். “போலீசுக்குப் போனாலோ, பட்டையக் கழட்டினாலோ நாங்க இங்க வர மாட்டோம். அங்க போவோம்” என்றான்.

தொடரின் புள்ளி ஒரே நாளில் ஏறியது. தொடரை நிறுத்தும் முடிவைத் தள்ளிவைத்திருப்பதாக அறிவித்தார்கள். தெருவில் பட்டாசு வெடித்தது.

அந்த வார இறுதியில் ஃபெலிக்ஸ் வந்தான். முகத்தில் சந்தோஷம். “உங்க வீட்டுக் கோடு திரையை விட்டே வெளிய போயிடுச்சு சார். பட்டை பழுதான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தவன், சென்னியப்பனின் கைக்கட்டைப் பார்த்து நின்றான். தாரணியின் உதடு வீங்கியிருந்தது.

வனிதாமணி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். “கழட்டிருங்க தம்பி. நாங்க ஊரை விட்டுப் போயிக்கறோம்.”

சாவி அவன் பைக்குள்தான் இருந்தது. அவன் வெளியே போய் மேலதிகாரியோடு நெடுநேரம் பேசினான். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“ஒரு வீட்டை எடுக்கணும்னா சேனல்காரங்க சம்மதம் வேணுமாம் மேடம். கோடு இப்படி ஏறும்போது எடுத்தா அவங்க கேஸ் போடுவாங்களாம். ரெண்டு மூணு நாள்ல அனுமதி வாங்கித் தரேன்னு சொல்றாங்க.”

“அவனுங்க அதுக்குள்ள வந்தா?” என்றான் சென்னியப்பன்.

ஃபெலிக்ஸ் பையை மூடினான்.

அனுமதி வருவதற்குள் அவர்கள் கலாமணியுடன் வந்தார்கள். இம்முறை கதவு முன்பே திறந்திருந்தது. சென்னியப்பன் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் போட்டுவைத்திருந்தான். பணிந்துவிட்டான் என்று ஜெகன் நினைத்துச் சிரித்தான். அவன் பக்கத்தில் வந்து நின்றதும், சென்னியப்பன் சோபாவுக்கு அடியிலிருந்து பட்டறை இரும்புக் குழாயை உருவி அவன் தோளில் இறக்கினான். ஜெகன் மண்டியிட்டு விழுந்தான். “தாரணி, ஓடு சாமி” என்று சென்னியப்பன் கத்தினான். அவள் கதவுவரை ஓடினாள். ஒருவன் அவள் காலைத் தட்டிவிட்டு முதுகில் முட்டி வைத்து அழுத்தினான்.

மற்ற மூவரும் சென்னியப்பனின்மேல் விழுந்தார்கள். குழாய் கை மாறியது. முதல் அடி முழங்கையில் விழுந்தது. இரண்டாவது விலாவில். வனிதாமணி அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒருவன் அதைப் பிடுங்கி எறிந்து அவளைச் சுவரோடு மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சிவப்பாகத் தெரிந்த அறைக்குள் டிவி மட்டும் பளிச்சென்று இருந்தது. திரையில் பைரவன் கோர்ட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான். அவன் கழுத்தில் ஆளுயர மாலை. அவன் சிரித்தான்.

“விடுங்கடா” என்று கலாமணி ஜெகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வல்லி வரலெடா. இது பைரவன்டா. இப்ப அடிக்காதீங்கடா.”

ஜெகன் காதில் எதுவும் விழவில்லை. எழுந்து, தொங்கிய தோளோடு குழாயை வாங்கி, குப்புறக் கிடந்த சென்னியப்பனின் பின்தலையில் ஒரு முறை அடித்தான். பைரவன் சிரித்துக்கொண்டே காரில் ஏறினான். தாரணியின் முகம் தரையோடு தரையாகத் திரைப் பக்கம் திரும்பியிருந்தது. அப்பாவையும் அந்தச் சிரிப்பையும் அவள் ஒரே நேரத்தில் பார்த்தாள்.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது ஐந்து பேரும் ஓடிவிட்டிருந்தார்கள். கலாமணி ஓடவில்லை. சென்னியப்பனின் தலையை மடியில் வைத்துத் தன் முந்தானையால் பின்மண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வரும் முன்பே அவன் இறந்துபோனான்.

கருமாதி முடிந்த பிறகு ஃபெலிக்ஸ் சாவியுடன் வந்தான். வனிதாமணியின் கையிலும் தாரணியின் கையிலும் இருந்த பட்டைகளைக் கழற்றினான். சென்னியப்பனின் பட்டையை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டிருந்தார்கள். கழற்றிய பிறகும் அவன் எழுந்து போகவில்லை.

“அன்னிக்கு நீங்க கழட்டியிருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும் தம்பி?” என்று கேட்டாள் வனிதாமணி.

“ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காது மேடம்.” அவன் தலை குனிந்திருந்தது. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த நாளோட கோட்டை ரத்து பண்ணச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். பண்ண மாட்டேன்னுட்டாங்க. இதுவரைக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் அப்படி ஒரு உச்சம் வந்ததில்லையாம்.”

“வல்லிக்குத்தான? நல்லா இருக்கட்டும் அவ.”

“வல்லிக்கு இல்ல. உச்சம் போனது பைரவன் சிரிக்கற நிமிஷத்துல. ஜனங்களுக்கு அவனைத்தான் பிடிச்சிருக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. கதையை மாத்தறாங்க.”

“எதனால அந்தக் கோடு ஏறுச்சுன்னு நீங்க சொல்லலியா?”

“சொன்னேன். ‘கோடு எவ்வளவுன்னுதான் சொல்லும், எதுக்குன்னு நம்ம கேக்கறதில்ல’ன்னாங்க. நான் எல்லா வீட்டுலயும் சொல்றதுதான் அது.”

கதை மாறியது. மனைவியைக் கொளுத்தியவன் பைரவன் இல்லை, அவனைப் போலவே இருந்த வேறொருவன் என்று காட்டினார்கள். பைரவன் நல்லவனானான். ஏழைகளுக்குச் சோறு போட்டான். புள்ளி சற்று இறங்கியபோதெல்லாம் அவனைச் சிரிக்கவைத்தார்கள். கடைசியில் சங்கரவல்லி தன் தவறுக்காக அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு அவனையே மணந்துகொண்டாள். தொடருக்கும் அவன் பெயரையே வைத்தார்கள்.

ஜெகனுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. கதவைத் திறக்கவைத்த கலாமணிக்கும் அதேதான். அவள் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. “எங்க சுபா கேசுல வக்கீலு சொன்ன பொய்யே போதுமுங்க” என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டாள்.

தீர்ப்புக்குப் பிறகு ஒரு நாள் வனிதாமணி கோயம்புத்தூர் போனாள். பெண்கள் சிறையில் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற கலாமணி பாதியாக இளைத்திருந்தாள். வனிதாமணியைப் பார்த்ததும் கும்பிட்டாள். கும்பிட்ட கை கீழே இறங்கவே இல்லை.

“நீ வருவேன்னு நெனக்கலெ அம்மிணி.”

“ஒண்ணு சொல்லோணும்னு வந்தேனுங்கக்கா.”

“சொல்லு. என்ன வேணாலும் சொல்லு.”

வனிதாமணி சொல்ல வந்ததைப் பேருந்தில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். கத்தியைப் போலத் தீட்டி வைத்திருந்தாள். ஆனால் கலாமணியே முந்திக்கொண்டாள்.

“இங்க டிவி கெடையாது. எதைப் போடறதுன்னு ரெண்டு பேரு சண்டை போட்டு ஒருத்தி மண்டை ஒடஞ்சுருச்சு. அதுல இருந்து எடுத்துட்டாங்க. அம்மிணி, கேக்கக் கூடாதுதான். எனக்கு அந்த யோக்கியதை இல்ல. அந்தப் பைரவன் என்ன ஆனான்?”

“நல்லா இருக்கறான்” என்றாள் வனிதாமணி. “அவந்தான் இப்பக் கதாநாயகன். கொளுத்துனது அவனே இல்லீன்னுட்டாங்க. வல்லி அவனயே கட்டிக்கிட்டா. எங்கூட்டுக்காரரு சாகறப்ப எங்க நெஞ்சு துடிச்சுதுல்ல, அது அவனுக்குன்னு எழுதிக்கிட்டாங்க.”

கலாமணி வலையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்தன. அழுவாள் என்று வனிதாமணி எதிர்பார்த்தாள். அழுவதைப் பார்ப்பதற்காகத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். கலாமணி அழவில்லை.

“சுபா புருசனும் மறுபடி கட்டிக்கிட்டான்” என்றாள். “கட்டிக்கிட்ட புள்ளையும் அவனை நல்லவன்னுதான் சொல்லுதாமா.”

வனிதாமணிக்கு நெஞ்சில் எதுவும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. தான் அடித்த இடம் கலாமணிக்குள் ஏற்கெனவே செத்துக் கிடந்த இடம் என்று மட்டும் தோன்றியது. பெண் காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றாள். வனிதாமணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“தாரணி எப்படி இருக்கறா?” என்று கலாமணி கேட்டாள். “காலேஜுக்குப் போறாளா?”

“போறா. முன்னாட்டம் பேசறதில்ல. பொழுதோட ஆனா டிவி முன்னால உக்காந்துக்குவா. எந்திரிக்கவே மாட்டா.”

“அதையுமா பாக்கறா? அவனையா?”

“ஒரு நாள் உடறதில்லீங்க. எதுக்கு கண்ணு பாக்கறேன்னு கேட்டா, அவன் சாகறதப் பாக்கோணுங்கறா.” வனிதாமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “இப்ப அவளோட இன்னும் கொஞ்சம் பேரு சேந்திருக்கறாங்க. போன வாரம் பைரவனா நடிக்கறவன் அவினாசிக்கு வந்தானாமா. இவ அவங்களோட போயிட்டு வந்தா. துணியெல்லாம் ரத்தம். யாரோடதுன்னு நான் கேக்கலெ.”

கலாமணி வலையிலிருந்து கையை எடுத்தாள்.